ஒரு பெட்டிக்கு வந்த இரண்டு தாய்மார்

போன மாதம் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் வழியில், நான் வேலை பார்த்த ஸ்டேஷனில் சும்மா இறங்கினேன். புதிதாக வந்திருக்கும் போர்ட்டர் பிள்ளைகள் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். பழைய பார்சல் அறைக்கு வெள்ளையடித்து, கண்ணாடி ஜன்னல் போட்டு, வெள்ளைக்காரப் பயணிகள் உட்காரும் அறையாக மாற்றியிருந்தார்கள்.

"வாங்கண்ணே, உள்ள உக்காந்து தேத்தண்ணி குடிங்க."

"வேணாம்ப்பா. நான் வெளியிலேயே நிக்கிறேன்."

"ஏண்ணே, உள்ள பேய் கீய் இருக்கா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே அடுத்த வண்டியில் ஏறி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் மீது என்ன தப்பு, அவர்களுக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து யோசித்தேன். சொல்லாமல் வைத்திருப்பது என் தப்புதான் என்று பட்டது. ஆகவே எழுதுகிறேன். ஸ்டேஷன் பேரைக் கேட்காதீர்கள். ஹட்டனுக்குக் கொழும்புப் பக்கமாக, தேயிலைக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

நான் தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன். பேர் சவரிமுத்து, நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் ஆட்களுக்கு அரசாங்க வேலை என்பது அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு ஒரு பாதிரியார் சிபாரிசில் ரயில்வேயில் கூலியாகச் சேர்ந்தேன். தண்டவாளத்துக்குக் கல் தட்டினேன், பாதை மாற்றும் பாயிண்ட் இழுத்தேன், விளக்குத் துடைத்தேன், பிறகு போர்ட்டர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் போர்ட்டரும் பட்டதைத்தான் நானும் பட்டேன். ஒரு ஐப்பசி மழையில் மண்மேடு சரிந்து தண்டவாளத்தை மூடியபோது, சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு வளைவு தாண்டி ஓடி வண்டியை நிறுத்தினேன். பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், புதுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்ததற்கு மனைவியிடம் ஏச்சு வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் சிற்றம்பலம் ஐயா எங்கள் ஸ்டேஷனுக்கு மாஸ்டராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தம் நடந்த அந்த நாட்களில் பிளாட்பாரத்தில் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள் நிற்பார்கள். ஐயா வாயைத் திறந்தாலே அடையாள அட்டையைக் கேட்பார்கள். அவரும் தினமும் அதே அட்டையை அதே ஆளிடம் நீட்டுவார், ஒரு முணுமுணுப்புக்கூட இருக்காது. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, தொப்பியை இரண்டு விரல் சாய்த்துத்தான் பிளாட்பாரத்துக்கு வருவார். என்னை "நீர்", "வாரும்" என்பார். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். முதல் வாரம் அவர் என்னைத் திட்டுகிறார் என்றே நினைத்தேன்.

வேலையில் அவர் ஒரு பிடிவாதக்காரர். மலைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு டேப்லட் உண்டு. காய்ச்சல் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பு வட்டு அது, தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கட்டியிருக்கும். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. வந்த வண்டியின் வட்டை வாங்கி மெஷினுக்குள் போட்டு, பக்கத்து ஸ்டேஷனுக்கு மணியடித்துச் சொன்னால்தான் பாதை திறக்கும். மற்ற மாஸ்டர்மார் இந்த வேலையை எங்களிடம் விட்டுவிட்டு பேப்பர் படிப்பார்கள். சிற்றம்பலம் ஐயா விடமாட்டார். வானம் இடிந்து விழுந்தாலும் முதலில் வட்டு மெஷினுக்குள் போக வேண்டும், பிறகுதான் வானத்தைப் பார்ப்பார்.

அவரிடம் இன்னொரு குணம் இருந்தது. சாவைப் பற்றி அவருக்கு வாய் வராது. "செத்து" என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் பாயிண்ட்காரர் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவற்ற தேப்பன் மோசம் போயிட்டாராம்," என்றார்.

"அடப் பாவமே, யாருங்கய்யா ஏமாத்துனது? வட்டிக்கடைக்காரனா?" என்று கேட்டேன்.

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பக்கம் மோசம் போனால் ஏமாந்து போனதாக அர்த்தம். அவர்கள் பக்கம் அது சாவு. விஷயம் புரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள், பாயிண்ட்காரர் உட்பட.

பிரேதம் ரயிலில் வருவதுண்டு. வேன் பிடிக்க வசதியில்லாதவர்கள் கொழும்பிலிருந்து அப்படித்தான் அனுப்புவார்கள். அதற்கு ஐயா ஒரு முறை வைத்திருந்தார். முதல் நாளே பார்சல் அறையைக் கழுவச் சொல்வார். லீக்ஸ், கோவா என்று மரக்கறி மூட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பெட்டி தரையில் படக் கூடாது, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை இரண்டைக் குறுக்கே போட்டு அதன் மேல்தான் வைக்க வேண்டும். பெட்டி வரும் கார்ட் வேன் சரியாகப் பார்சல் அறை வாசலுக்கு நேரே வந்து நிற்க வேண்டும் என்று டிரைவருக்குக் கை காட்டுவார். பயணிகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் பெட்டி இறங்கும். அது தன்னைக் கடந்து போகும்போது தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். யாருடைய பெட்டியானாலும் அப்படித்தான். இந்த ஒரு பழக்கத்துக்காகவே தோட்டத்து ஜனங்கள் அவரைக் கும்பிடுவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய வாரம். எங்கள் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் ராமாயி என்று ஒரு கொழுந்து எடுக்கும் அம்மா. அவருடைய மூத்த மகள் ராணி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அவளை முதன்முதலில் வண்டியேற்றி விட்டவனே நான்தான். நெட்டைப் பிள்ளை. "தலையக் குனிஞ்சு ஏறு ஆத்தா, வண்டி ஒன் ஒசரத்துக்குச் செய்யல," என்று கேலி செய்தேன். அவளும் சிரித்துக்கொண்டே குனிந்து ஏறினாள்.

அந்த ராணி இறந்துவிட்டாள் என்று தோட்டத்துக்குத் தந்தி வந்தது. உடல் காலை வண்டியில் வருகிறதாம். அறையைக் கழுவும்போது அந்தக் கேலிதான் ஞாபகத்தில் வந்தது.

மறுநாள் காலை மூன்று லயத்து ஜனமும் பிளாட்பாரத்தில் நின்றது. பனியும் தூறலும். தப்பு அடிக்கிறவர்கள் ஓரமாக வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ராமாயி தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, மகளுக்குப் போர்த்த வாங்கிய கோடிச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருஷன் காளிமுத்து பக்கத்தில் நின்றார். வண்டி வந்தது. அழுகை கிளம்பியது. ஐயா வட்டை வாங்கிக்கொண்டு போய் மெஷினில் போட்டுவிட்டு வந்தார். நாங்கள் நான்கு பேர் பெட்டியை இறக்கினோம். ஐயா தொப்பியைக் கழற்றினார்.

பெட்டியைச் சிலிப்பர் கட்டை மேல் வைத்ததும் ராமாயி அதன் மேல் விழுந்தார். "ஏ ராணி, ஏ ராசாத்தி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று தோட்டமே சேர்ந்து கதறியது. கொஞ்ச நேரம் அழ விட்டுவிட்டு, ஐயா காளிமுத்துவிடம் கடதாசியில் கைநாட்டு வாங்கப் போனார். அப்போதுதான் ராமாயியின் அழுகை சட்டென்று நின்றது. பெட்டியின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் கையால் தடவிக்கொண்டு போனார். திரும்பவும் தடவினார்.

"ஐயா, இந்தப் பொட்டி கட்டையா இருக்குங்க."

"என்னம்மா?"

"எம் மக இதுக்குள்ள அடங்க மாட்டாங்க. அவ அவங்கப்பன் ஒசரம். கால மடக்கி வச்சிருக்காங்களா? அப்படி மடக்குனா எம் புள்ளைக்கு வலிக்காதா?"

பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அவர் ஐயாவின் காலைப் பிடித்தார். ரயில்வே இடத்தில் பிரேதப் பெட்டி திறக்கக் கூடாது. ஐயா அதைச் சொன்னார். "தோட்டத்துக்குக் கொண்டு போய்த் திறவுங்கோ அம்மா, இஞ்ச சட்டம் இடம் குடுக்காது," என்று மெதுவாகத்தான் சொன்னார். ராமாயி காலை விடவில்லை. ஐயா பெட்டியைப் பார்த்தார், காளிமுத்துவைப் பார்த்தார். அந்த மனுஷன் ஆறடி இருப்பார்.

"சவரி, ஆயுதப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாரும்," என்றார்.

நான் அதிலிருந்த திருப்புளியால் ஸ்குரூ ஆணிகளைக் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு பிள்ளை படுத்திருந்தாள். பதினேழு வயதுகூட இருக்காது. குள்ளமான பிள்ளை, வட்ட முகம், புருவத்துக்கு மேலே பழைய தழும்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் உத்தரியம், எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் போடுவார்களே அது.

அது ராணி இல்லை.

ராமாயி குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எம் மக இல்ல," என்றார். பிறகு கையைத் தட்டினார். தட்டிக்கொண்டே சிரித்தார். "எம் மக இல்ல. ஏங்க, நம்ம ராணி இல்லங்க. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா."

பொம்பளைகள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தப்புக்காரர் ஒருவர் வந்த சந்தோஷத்தில் ஓர் அடியும் அடித்துவிட்டார். ஒரு நிமிஷம் அந்தப் பார்சல் அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பெட்டி திறந்தபடியே கிடந்தது. யாரோ என் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ என்னவோ.

ஐயா ஆபிசுக்குள் போய்க் கொழும்பு வீட்டுக்குப் போன் போட்டார். நம்பர் கடதாசியில் இருந்தது. நான் வாசலில் நின்றேன். அந்தப் பக்கம் பேசியது அந்த வீட்டு அம்மா, தமிழ்க் குடும்பம்தான். ஐயா கேட்டதை எல்லாம் திருப்பிச் சொல்லிக் கேட்டார்.

"ராணி எண்டுதானே அனுப்பினனீங்கள்? ஓம். ஆனா இது அந்த ராணி இல்லை. என்ன? அந்தப் பிள்ளை போன மாதமே நிண்டுட்டாவோ? அப்ப இது ஆர்? புது ராணியோ? புது ராணி எண்டா?"

பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காது சிவந்து வந்தது.

விஷயம் இதுதான். ராணி போன மாதம் அந்த வீட்டை விட்டு, அதே வீதியில் வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அது இங்கே தாய்க்குத் தெரியாது. அவள் இடத்துக்குத் தரகன் ஒரு புதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டான். அந்த வீட்டில் வேலைக்காரப் பிள்ளை என்றால் ராணிதான். ராணிக்கு முன்னால் நின்றவளையும் ராணி என்றுதான் கூப்பிட்டார்களாம். வாய்க்குப் பழகிப் போய்விட்டதாம். நம்ம ராணிக்குப் பேரே அதுவாக இருந்ததில் அந்த அம்மாவுக்கு ரொம்ப வசதி. புதுப் பிள்ளை வந்து மூன்று வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். காய்ச்சல் என்று அவர்கள் சொன்னார்கள், நமக்கு என்ன தெரியும். ஆஸ்பத்திரியிலும் ராணி என்றே கொடுத்து, அலுமாரியில் கிடந்த பழைய ராணியின் விலாசத்துக்குப் பெட்டியை அனுப்பிவிட்டார்கள்.

"இந்தப் பிள்ளையின்ர சொந்தப் பேர் என்ன?" என்று ஐயா கேட்டார்.

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

அப்போது ஐயா கத்தினார். அவர் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "உங்கட வீட்டுக்கு வாற பிள்ளையளுக்குத் தாய் தேப்பன் பேர் வைக்கேல்லையோ? உங்கட நாய்க்கு என்ன பேர்? அது இல்லாமப் போனா அதுக்கடுத்த நாய்க்கும் அந்தப் பேரையோ வைப்பியள்?" பிளாட்பாரத்தில் நின்ற ஆமிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அரை மணித்தியாலம் கழித்துப் போன் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து ராணியையே கூட்டி வந்து பேச வைத்தார்கள். ராமாயியைக் கூப்பிட்டேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நம்பாமல் நின்றார்.

"நீ ராணின்னா? ராணி ராணின்னு எல்லாரும்தான் சொல்றாங்க. ஒன் கடைசித் தம்பிக்கு எந்தக் கையில ஆறு வெரலு, சொல்லு."

பதில் சரியாக வந்திருக்க வேண்டும். "பாவி மகளே, சாப்புட்டியாடி?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச முடியாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார்.

அந்த வீட்டுக்காரர்கள் தரகனைப் பிடித்து விசாரித்துப் போனில் இவ்வளவு சொன்னார்கள்: பிள்ளை வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டம், தாய் பேர் அந்தோணியம்மா. பிள்ளையின் பேர் அவனுக்கும் தெரியாது. "அந்தோணியம்மா மக" என்றுதான் கூட்டிப் போனானாம். வீட்டில் விட்ட பிறகு அவனுக்கும் அவள் ராணிதான்.

பொலிசுக்கு ஆளனுப்பினோம். அவர்கள் வந்து எழுதிக்கொண்டு, தாய் வந்து அடையாளம் காட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெட்டியை அப்படியே வட்டகொடைக்கு ஏற்றிவிடலாமே என்று நான் கேட்டேன். ஐயா மறுத்துவிட்டார். "இன்னொருக்கா மாறிப் போய் இன்னொரு தாயிட்ட நிக்கக் கூடாது, சவரி. தாய் வந்து முகத்தைப் பாக்கட்டும். அதுக்குப் பிறகு நானே கொண்டு போய்ச் சேர்ப்பன்."

அந்தத் தோட்டத்து ஆபிசுக்கு அவரே போன் செய்தார். காலையில் கத்திய மனுஷன் இப்போது பழைய ஐயாவாகிவிட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது. "அந்தோணியம்மா எண்டு ஒரு தாய் உங்கட தோட்டத்தில இருக்கிறாவாம். அவவின்ர மகளின்ர பெட்டி கொழும்பால வந்து இஞ்ச எங்கட ஸ்டேஷனில கிடக்கு. தயவு செய்து அவவை அடுத்த வண்டியில அனுப்பி விடுங்கோ." நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் உறைக்கவில்லை. பக்கத்து அறையில் பிரேதத்தை வைத்துக்கொண்டு நிற்பவனுக்குப் பெட்டி என்றால் ஒரே பெட்டிதான்.

தோட்டத்து ஜனங்கள் கலைய ஆரம்பித்தார்கள். சாவே இல்லாத வீட்டுக்கு எதற்குத் தப்பு, எதற்குக் கூட்டம். காளிமுத்து வந்து ராமாயியைக் கூப்பிட்டார்.

"வா போவோம். சாமி புண்ணியத்துல நம்ம புள்ள நல்லா இருக்கு."

"நீங்க போங்க."

"என்னா போங்க? யாரு வீட்டுப் புள்ளையோ. நமக்கு எதுக்குத் தீட்டு?"

"இவ தனியா கெடக்கப்படாதுங்க," என்றார் ராமாயி. "இவ மொகத்துக்கு நேரா நின்னு நான் கை தட்டிச் சிரிச்சேன். செத்த புள்ளைய முன்னால வச்சுக்கிட்டுச் சிரிச்சேன். இவ ஆத்தா வந்து என்னா ஏதுன்னு கேட்டா, நான்தானே பக்கத்துல இருந்தேன்னு சொல்லணும்."

காளிமுத்து தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ராமாயி தன் மகளுக்கு வாங்கிய கோடிச் சேலையை உதறி அந்தப் பிள்ளைக்குப் போர்த்தினார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். அழத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "ஏ" என்று ஆரம்பித்தால் அடுத்தாற்போல் ஒரு பேர் வர வேண்டும். அவருக்கு வாயில் வருவது மகளின் பேர். அதைச் சொல்லப் பயம். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பேரைப் பிரேதத்துக்கு முன்னால் எந்தத் தாய் சொல்லுவாள். என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள பேரு என்னான்னாவது கேட்டுச் சொல்லுங்கய்யா, வாய் விட்டு அழக்கூட முடியல," என்றார். எனக்கு அந்த வீட்டுக்காரர்கள் மேல் வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. பகல் முழுவதும் அவர் அங்கேயே இருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்த ரொட்டியையும் தொடவில்லை.

மூன்று மணிக்குப் பிறகு வட்டகொடைப் பக்கத்திலிருந்து வண்டி வந்தது. அழுது வீங்கிய முகமாக, நாலைந்து பேர் தாங்கிக்கொண்டு ஒரு தாய் இறங்குவார் என்று நான் பிளாட்பாரத்தில் காத்துக்கொண்டு நின்றேன். அப்படி யாரும் இறங்கவில்லை. பள்ளிக்கூட டீச்சர்மார் இறங்கினார்கள், மரக்கறிக்காரர் ஒருவர் இறங்கினார். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பொம்பளை இறங்கினார். கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கழுத்தில் ஜெபமாலை. கையில் ஒரு துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி வைத்திருந்தார். நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, எம் மக கொழும்புல இருந்து பொட்டி அனுப்பியிருக்காளாம். தவறி ஒங்க ஸ்டேஷன்ல எறங்கிடுச்சாம். எங்கங்க இருக்கு?"

பார்சல் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

கொழும்பில் வேலைக்கு நிற்கிற பிள்ளைகள் தீபாவளிக்கும் நத்தாருக்கும் வீட்டுக்குப் பெட்டி அனுப்புவார்கள். வீட்டுக்காரர்கள் கழித்துப் போட்ட உடுப்பு, பிஸ்கட், சவர்க்காரம், தம்பி தங்கைக்கு விளையாட்டுச் சாமான். பெட்டி வந்துவிட்டது என்றால் லயத்தில் அன்றைக்குத்தான் பெருநாள். பிறகு விசாரித்தேன். ஐயா சொன்னதைக் கிளாக்கர் அப்படியே, தோட்ட மேற்பார்வை பார்க்கும் கண்டாக்குக்குச் சொன்னார். கண்டாக்கு மலையில் நின்ற கங்காணிக்குச் சொன்னார். கங்காணி கொழுந்து நிரைக்கு மேலே நின்று, "அந்தோணியம்மா, ஒம் மக பொட்டி வந்திருக்காம், ஓடு," என்று சத்தம் போட்டார். நிரையில் நின்ற பொம்பளைகள் எல்லாம் சந்தோஷத்தில் கூவி அனுப்பி வைத்தார்களாம்.

"பாரமா இருக்குங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். "போயி ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள பொட்டி அனுப்புற அளவுக்கு அந்த வீட்டம்மா நல்லவங்க போல. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன்யா."

ஐயா ஆபிசிலிருந்து வந்தார். அந்தச் சும்மாட்டைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்த கணத்தை நான் நேரில் பார்த்தேன். கையில் அந்த வண்டியின் வட்டு வளையம் அப்படியே இருந்தது, மெஷினுக்குப் போகவே இல்லை. "அம்மா," என்றார். "இருங்கோ அம்மா. தேத்தண்ணி குடியுங்கோ," என்றார். அதற்கு மேல் வாய் அசைந்தது, சொல் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சிரித்துக்கொண்டு நிற்கிற தாயிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

"தேத்தண்ணி எதுக்குங்கய்யா? அடுத்த வண்டியப் புடிக்கணும், புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குங்க. பொட்டியக் காட்டுங்க, நானே தூக்கிக்குவேன்."

பார்சல் அறைக் கதவு திறந்தது. ராமாயி வாசலில் வந்து நின்றார். காலையில் அவிழ்த்த தலைமுடியை அவர் இன்னும் முடியவில்லை. அந்தோணியம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களும் பொட்டி எடுக்கத்தான் வந்தீங்களாக்கா?"

"ஆமா தாயி. எனக்குன்னுதான் வந்துச்சு." ராமாயி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒம் புள்ள பேரு என்னா?"

"ஜெசிந்தா."

ராமாயி அந்தக் கையை விடாமல் அறைப் பக்கம் திரும்பினார்.

"ஜெசிந்தா," என்று கூப்பிட்டார். "ஒங்கம்மா வந்துட்டாடி."

அந்தோணியம்மா கதவு வழியாக உள்ளே பார்த்தார்.